மிச்சப் படிகளுக்கு மஞ்சள் வைத்தவன்

காலை ஐந்து மணி, நகரி பஸ் ஸ்டாண்டு. திருப்பதிக்கு அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. புத்தூர் வழியாக ஒன்றரை மணி நேரம். ஆந்திர பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் ஆதார் கார்டைக் காட்டிய அம்மாவுக்குக் காசில்லை, எனக்கு எண்பத்தைந்து ரூபாய். அம்மா மடியில் கூடை. அதில் இரண்டு கிலோ மஞ்சள்தூள், ஒரு கிலோ குங்குமம், புளிச்சோறு. அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலை வரை மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படி. ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பதாக அம்மாவின் வேண்டுதல். சித்தூரில் இருக்கும் மாமா தன் மகள் திவ்யாவை எனக்குக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக. மாமா போன மாதம் சம்மதித்துவிட்டார், மகராசன்.

எனக்கு வயது பத்தொன்பது. எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும். இது திவ்யாவுக்கு மட்டும் தெரியும். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று வாரத்துக்கு இரண்டு முறை மிரட்டுகிறாள். கடைசிப் படியில் பொட்டு விழுந்துவிட்டால், இந்தக் கல்யாணம் சாமியே முடித்து வைத்தது என்றாகிவிடும். அப்புறம் அம்மாவை ஒருவராலும் அசைக்க முடியாது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

ஏழு மணிக்கு அலிபிரி. ஷேர் ஆட்டோ ஆளுக்கு நாற்பது ரூபாய். கூடையைப் பார்த்த டிரைவர், "முட்டி பத்திரம்மா" என்றார்.

"முட்டி போனா போவுது. மருமவ வர்றா இல்ல!" என்றாள் அம்மா.

அம்மா குனிந்து குனிந்து வைத்தாள், நான் தட்டைப் பிடித்தேன். ஆரம்பத்துப் படிகள் செங்குத்து. வெறுங்கையோடு ஏறுகிறவர்களுக்கே மூச்சு வாங்கும். ஒன்பதரை மணிக்கு ஆயிரத்து இருநூறாவது படியை ஒட்டி ஓர் அம்மாள் நின்று, கல்யாண வேண்டுதலா என்று தெலுங்கில் கேட்டார். "ஆமாம்மா, எங்க அண்ணன் பொண்ணுதான். இவன் டிகிரி முடிச்சதும் மேளந்தான்" என்றாள் அம்மா. அவள் முகம் பூரித்திருந்தது. அந்த முகத்தோடு இன்னும் ஒரு படிகூட என்னால் ஏற முடியவில்லை. அந்த அம்மாள் மேலே போனதும் சொன்னேன்.

"யம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதும்மா. பசங்க மேலதான் வரும். திவ்யாவ நான் கட்டிக்க மாட்டேன்."

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றாள்.

"இது நோவு இல்லம்மா. நான் இப்படித்தான்."

"இத்தினி நாளா இந்த வாயி எங்கடா போச்சி?"

"வூட்டுல தறி ஓடிக்கினே இருக்குதேம்மா."

நிஜம் அதுதான். எங்கள் வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். இதை எப்படிக் கத்திச் சொல்வது? அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மஞ்சள்.

"எங்க அண்ணன் பொண்ண கட்டிக்கினு வந்து ஏமாத்தாம விட்டியே. அந்த மட்டும் நீ ஆம்பளதான்டா" என்றவள், தட்டை வாங்கிக்கொண்டு மஞ்சள் கிண்ணத்தை என் கையில் திணித்தாள். "பாதியில வுடக் கூடாது. மிச்சப் படிக்கு நீ வை. ஒனக்கு இன்னா வேணுமோ நீயே கேட்டுக்க."

இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படி! அம்மா என்னோடு பேசாமல் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் தொடங்கினேன். அவளோ வாயே மூடவில்லை. "கோணலா வைக்காத." "ரெண்டு வாய் துன்னுட்டு ஏறு." "திவ்யாவுக்குத் தெரியுமா? அடிப்பாவி, அதான் போன்ல அப்படிச் சிரிச்சாளா?" சரி, அந்த வேண்டுதல் பலித்துவிட்டது என்று வழியில் வரும் காலி கோபுரம் தாண்டியதும் அதை மாற்றி, என் நைனா, அதாவது அப்பா, இதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்குக் கடைசிப் படி. இடுப்பு என்னுடையதாகவே இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நான் வைத்த பொட்டுகள். என் வாழ்க்கையில் இவ்வளவு கர்வமாக நான் நின்றதில்லை.

இரவு ஏழரைக்கு நகரி. திருமலையில் காற்று வீசுவதுகூடக் காதில் விழுந்தது. இங்கே எங்கள் தெருமுனை திரும்பும்போதே தறிச் சத்தம். அம்மா கூடையை இறக்காமல் நேராகப் போய்த் தறியின் சுவிட்சை அணைத்தாள். கரண்ட் போய்விட்டதோ என்று நைனா நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார், அது எரிந்துகொண்டிருந்தது.

"கரண்டு போவலங்க. புள்ள பேசணுமாம், காது குடுத்துக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் கத்தத் தேவையிருக்கவில்லை.