பெனால்டியும் புகையிலையும்

கால் மூட்டு போன பிறகு பந்தாட்டத்தை விட்டேன், வாயை விடவில்லை. ஆட்டம் நடக்கும்போது, வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி தகரக் குழாயில் ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். என் தொண்டையைக் கேட்டுவிட்டுச் சுகாதார இலாகா என்னைப் பிடித்துக்கொண்டது. ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வரை சந்தை சந்தையாகப் போய், புகையிலை அடக்காதே, கன்னத்தில் புண் வரும் என்று கத்துவது என் வேலை.

யார் கேட்டார்கள்? "சீக்குக் கதை கெடக்கட்டும், பெனால்டி கதையச் சொல்லுபா" என்பார்கள். கூட்டம் கலையாமல் இருக்க நானும் சொல்லித் தொலைப்பேன். கடைசி நிமிஷம். எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு அணியின் கோல் காக்கிறவன் ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பாய்கிறான், பந்து அவன் கையில்! கைதட்டலில் காது அடைத்துப்போகும். பிறகு நான் புண்ணைப் பற்றி வாயெடுத்தால், பாதிப்பேர் நகர்ந்து எதிர்க்கடையில் புகையிலை வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த சந்தையிலும் அதே கதைதான்.

அந்தக் கோல் காக்கிறவன் என் சிநேகிதன். சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவன். அங்கே நாற்றத்துக்காகப் புகையிலை அடக்காதவன் கிடையாது. அவன் கன்னத்துக்குள்ளே ஒரு வெள்ளைப் புண், மாதக்கணக்காக ஆறவில்லை. ரசச் சோறு பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வாடா என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"இன்னாடா பேஜார் பண்றே? இத்த அடக்கிக்கினுதான் பந்தப் புடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்றவன் நீதானே?"

சொன்னவன் நான்தான். ஆனால் அவன் பந்தைப் பிடிக்கவே இல்லை. அது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. பிடித்தான் என்று குழாயில் கத்தியவன் நான். வெளியே நின்றவர்கள் நம்பினார்கள். உள்ளே இருந்து கண்ணால் பார்த்தவர்கள்கூட நாளடைவில் அப்படியே பார்த்ததாகச் சொன்னார்கள். கடைசியில் அவனும் நம்பிவிட்டான்.

அடுத்த ஆம்பூர் சந்தையில் அவன் முன்வரிசையில் நின்றான். குழாயை எடுத்தேன். "அந்தப் பந்து வெளியே போச்சு. இவன் புடிக்கல. நான் சொன்னது பொய்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. புகையிலையைத் துப்பினான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். அவனுக்கென்று இருந்த ஒரே பெருமையையும் பிடுங்கிவிட்டேன் என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ரயிலடியில் நிற்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வருவான் என்று நினைக்கவில்லை. வந்தான். கன்னம் காலியாக இருந்தது. வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

இறங்கும்போது சொன்னான்: "வெரல் நுனில பட்டுச்சுடா. அதான் வெளிய போச்சு."

"ஆமாண்டா," என்றேன். "பட்டுச்சு. நான் பார்த்தேன்."