முட்டைப் பெட்டிக்குள் என்ன போடுவது

இலத்தூருக்கு வீடு மாறி வந்த வருடம் ஐந்து கோழிகள் வாங்கினேன். குற்றாலத்துப் பழக்கடை ஒன்றிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, கோழிகள் முட்டையிடப் பின்வாசலில் வைத்து வைக்கோல் பரப்பினேன். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. சாரல் தொடங்கியதும் வைக்கோல் ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடித்தது. முட்டையெல்லாம் அழுக்கு. கோழிகள் பெட்டிக்குள் காலை வைக்கவே யோசித்தன.

என் கணவரின் அக்கா பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். மதினிக்குக் கோழிகள்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒருநாள் வெட்டுத்துணிப் பையோடு வந்து நின்றார்.

"இதைப் போட்டுப் பாரு. பூரா காட்டன். மெத்து மெத்துன்னு இருக்கும்."

கோழிகளுக்குப் பிடித்துத்தான் போயிற்று. மூன்று நாள் சுத்தமான முட்டை. நான்காம் நாள் காலை கறுப்புக் கோழி நொண்டிக்கொண்டு வந்தது. பிடித்துப் பார்த்தால், துணியிலிருந்து பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் வீங்கிவிட்டது.

"மதினி, கத்தரி கொண்டாங்க!" என்று சுவருக்கு மேலே கத்தினேன்.

நூல் வெட்டும் சின்னக் கத்தரியோடு ஓடிவந்தார். நான் கோழியை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரவிக்கைத் தையலைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தார். கடைசி இழை வந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"நான் குடுத்த துணியாலல்லா இப்படி ஆச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும்தான் தோணலை மதினி. விடுங்க."

அவர் விடவில்லை. மத்தியானம் செங்கோட்டைக்குப் போனவர், சாயங்காலம் ஒரு சாக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே தச்சுப் பட்டறையில் வாங்கிய மரச்சீவல், சுருள் சுருளாக.

"ஏட்டி, மரத்தூள் வேண்டாம்னுட்டேன். தூசி மூக்குல ஏறும்லா? பாலீஷ் போட்ட மரமான்னும் கேட்டுட்டேன். இல்லையாம்."

பெட்டிகளைக் கழுவித் துடைத்து, சாரல் அடிக்காத சுவரோரம் நகர்த்தி வைத்தோம். நாலு விரல் உயரத்துக்குச் சீவல் போட்டோம். செவலைக் கோழி எட்டிப் பார்த்தது, உள்ளே இறங்கிக் கிளறியது, இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கறுப்புக் கோழியின் வீக்கம் ஒரு வாரத்தில் வற்றியது. ஈரமாகும் சீவலை அள்ளி வாழைக்குப் போட்டுவிட்டுப் புதிது நிரப்புவது என் வேலை. முட்டை எடுக்கும் வேலையை மதினி எனக்குத் தருவதே இல்லை. காலையில் நான் அடுப்படியில் நிற்கும்போதே பின்வாசலிலிருந்து குரல் வரும்:

"இங்கன வந்து பாருட்டி, இன்னைக்கு நாலு!"