கோபாலபுரத்தில் ஒரு நரி வேட்டை

எங்கள் குடும்பத்தில் ஒரு வகுப்பில்கூட ஃபெயில் ஆகாமல் படித்து முடித்தவள் நான்தான். இதை நான் சொல்லும்போதெல்லாம் அம்மா, "பள்ளிக்கூடத்துக்குப் போன மொத ஆளே நீதானேமே, வேற யாரு ஃபெயிலாவறதுக்கு இருந்தாங்க?" என்பாள். அம்மாவுக்குக் கணக்கு வராது. ஆனால் பேச்சில் ஜெயித்துவிடுவாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. அந்த முதல் சொல்லை நான் வீட்டில் சொல்லவில்லை. அதற்குள் அப்பா மயிலாப்பூர் குளத்தங்கரையில் தம் பூக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், முழம் போட்டுக்கொண்டே, "எம் பொண்ணு டீச்சரு" என்று சொல்லி முடித்துவிட்டார். வேலை நிலைக்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒருநாள் வந்து என் வகுப்பைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோடை விடுமுறைக்குப் பிறகு நான் வர வேண்டியதில்லை. அப்பா குளத்தங்கரை முழுக்கத் தம் வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வெள்ளைக்காரர். தலைமையாசிரியை என்னை அழைத்து, "அவங்க அப்பா ஊர்ல பெரிய வேட்டைக்காரராம். உன் ஆறாம் வகுப்பு, அதான் முதல் பாரத்து இங்கிலீஷ் ரீடர்ல நரி வேட்டைப் பாடம் இருக்கே, அதையே நடத்திடு. வெறுமே வாசிக்காதே. பிள்ளைகளை வெச்சு நடிச்சுக் காட்டு. இப்ப அதுதான் புது முறை" என்றார்.

அன்று மாலை வீட்டில் பாடத்தை உரக்கப் படித்து, தமிழிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்பா பூ கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நரியப் புடிச்சு இன்னா பண்ணுவானுங்க? துன்னுவானுங்களா?"

"இல்லப்பா."

"தோல உரிச்சு விப்பானுங்களா?"

"அதுவும் இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு அத்தினி பேரு குதிரை மேல ஏறிக்கினு தொரத்தறானுங்க?"

"சட்டதிட்டத்தோட துரத்தறதுதான் அதுல விசேஷம்" என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை, நீ படிச்சே. இல்லாட்டி இதெல்லாம் தெரியாமலே நாங்க செத்திருப்போம்."

சட்டதிட்டம் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. இங்கிலாந்தில் வேட்டைக் கூட்டங்கள் நாட்டையே தங்களுக்குள் எல்லை பிரித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கூட்டம் இன்னொன்றின் எல்லைக்குள் தன்னிஷ்டத்துக்கு நுழையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் உண்டு. கூட வருகிறவர்கள் எவ்வளவு பெரிய பிரபுவானாலும் தலைவரை முந்திக் குதிரையை விடக்கூடாது. நிலத்துக்காரர் சம்மதிக்காத வயலில் கால் வைக்கக்கூடாது. திறந்த வேலிக்கதவை மூடிவிட்டுப் போக வேண்டும். சிவப்புக் கோட்டை எல்லோரும் போட்டுக்கொள்ள முடியாது, தலைவர் சொல்ல வேண்டும். அதைச் சிவப்பு என்றும் சொல்லக்கூடாது, ரோஸ் என்றுதான் சொல்ல வேண்டும். துப்பாக்கியால் பறவை சுடுகிறவர்களுக்குச் சட்டம் வேறு. அவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சுடக்கூடாது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அடையாறு முகத்துவாரத்தில் மீன் பிடிக்கிறவரின் மகள். வகுப்பிலேயே வேகமான கால், வேகமான வாய்.

"டீச்சர், அன்னிக்கு ஞாயித்துக்கெழமைன்னு அந்தப் பறவைக்கு எப்டித் தெரியும்?"

பாடத்தில் அதற்கு விடை இல்லை. "நடிக்கும்போது நீதான் நரி" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

நரி கிடைத்துவிட்டது. மோப்பம் பிடித்து அதைத் துரத்துகிற நாய்தான் கிடைக்கவில்லை. யாரும் நாயாக ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கம்மா சண்டைக்கு வந்துடுவாங்க டீச்சர்" என்று ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் முன் பெஞ்சுக்காரி எழுந்து வழி சொன்னாள். மயிலாப்பூரில் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண்.

"எங்காத்துல நாயை நாய்னு சொல்லவே மாட்டோம் டீச்சர். பைரவர்னுதான் சொல்லுவோம்."

இங்கிலாந்து வேட்டைக்காரர்களும் தங்கள் நாய்களைச் சாதாரண நாய் என்று சொல்வதில்லை, அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாடத்திலேயே இருந்தது. பைரவர் என்றதும் அழுதவள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தூக்கினாள். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சி முன் பெஞ்சுக்காரியையே வேட்டைத் தலைவி ஆக்கினேன்.

"நேக்கு வேட்டைன்னா நன்னாத் தெரியும் டீச்சர். பரிவேட்டைக்கு எங்க பெரியப்பாதான் பெருமாளுக்குக் குடை பிடிச்சுண்டு போவார். ஏற்பாடெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

நானும் விட்டுவிட்டேன். பரிவேட்டையை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு மறுநாள், கனு அன்று, பெருமாள் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுவார். குடை, தீவட்டி, மேளம் எல்லாம் போகும். வழியில் மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்பார், சுண்டல் கொடுப்பார்கள், திரும்பி வருவார். எந்த மிருகத்துக்கும் ஒரு கீறல் விழுந்ததாக மயிலாப்பூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இது எனக்கு அன்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; வரவில்லை.

குறித்த நாளில் இன்ஸ்பெக்டர் அம்மாள் பெரிய தொப்பியுடன் வந்து, பள்ளி மைதானத்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பண்டிதர் ஒருவரிடம் தமிழ் கற்றுப் பரீட்சை தேறியவர் அவர். அதனால் அவர் பேசுவது எங்களுக்குப் பாதிதான் புரியும்.

"ஆசிரியையே, வேட்டை தொடங்குக" என்றார்.

ஒருத்தி சங்கு ஊதினாள். கிணற்றடிப் பக்கமிருந்து வேட்டை புறப்பட்டது. நான்கு பெண்கள் தூக்கிய பெஞ்சின் மேல் தலைவி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே ஒருத்தி குடை பிடித்தாள். ராயப்பேட்டையில் தையல்கடை வைத்திருந்த சாயபுவின் மகள், வெட்டுத் துணியிலிருந்து எல்லோருக்கும் சிவப்பு மேல்துணி கொண்டுவந்திருந்தாள். பைரவர்கள் இரண்டிரண்டு பேராகப் பின்னலோடு பின்னல் முடிந்துகொண்டு, மிகுந்த பக்தியோடு, பெஞ்சுக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். பெஞ்சு முன்னால் மூன்றடி வைக்கும், பின்னால் ஓரடி வைக்கும், நின்று ஒருமுறை ஆடும்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "வேட்டை நாய்கள் பின்னே வருவது ஏன்?"

"தலைவரை யாரும் முந்தக்கூடாது என்பது விதி, அம்மா."

மைதானத்தின் மறுகோடியில் நரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

"இன்னா டீச்சர், இவங்க வர்றாங்களா இல்லியா? நான் ஓடட்டா, வாணாவா?"

"கொஞ்சம் பொறு" என்று சைகை காட்டினேன். வேறென்ன செய்வது?

வேப்ப மரத்தருகே வந்ததும் பெஞ்சு இறங்கியது. "மண்டகப்படி!" என்று தலைவி அறிவித்தாள். ஒரு தூக்குவாளியிலிருந்து பட்டாணிச் சுண்டல் வெளியே வந்தது. முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பைரவர்களுக்குள் சண்டை கிளம்பிற்று. "வந்திருக்கற பெரியவாளுக்குத்தான்" என்று தலைவி தீர்ப்புச் சொன்னாள். நான் தடுப்பதற்குள் ஒரு சிவப்புத் துணி இன்ஸ்பெக்டர் அம்மாளின் தொப்பியைச் சுற்றிப் பரிவட்டமாக ஏறி, முடிச்சும் விழுந்துவிட்டது. கையில் இலையில் சுண்டல். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

வாசனை மறுகோடி வரை போயிருக்க வேண்டும்.

"எனக்கு?" என்று நரி கத்தியது.

"நரிக்கெல்லாம் கிடையாது" என்றாள் தலைவி.

"கெடையாதா? வெயில்ல காஞ்சிக்கினு நிக்கறது நானு, துன்றது நீங்களா? போங்கடி!"

ஒரே தாவு. மதிலைத் தாண்டி, பக்கத்து பங்களாத் தோட்டத்தில் குதித்துவிட்டாள்.

இப்போதுதான் வேட்டைக்கு உயிர் வந்தது. பைரவர்கள் சுண்டலைக் கீழே போட்டுவிட்டு ஜோடி ஜோடியாக ஓடினார்கள். பின்னல் முடிச்சால் பாதிப் பேர் விழுந்தார்கள். ஆனால் மதிலை அடைந்ததும் மொத்தக் கூட்டமும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"ஏன் நிற்கிறீர்கள்?" என்று ஓடிவந்து கேட்டேன்.

"நிலத்துக்காரர் சம்மதிக்கணுமே டீச்சர்" என்றாள் ஒரு பைரவர்.

நிலத்துக்காரர் அப்போதுதான் வெளியே வந்தார். ஓய்வு பெற்ற வக்கீல். ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"முன்கூட்டிக் கேட்டீங்களா? கேக்கலை. நான் சம்மதிக்கலை. ஒரு பைரவர் கால் வெச்சாலும் அத்துமீறல்தான்."

"மாமா, அந்தப் பெண்ணையாவது திருப்பி அனுப்புங்களேன்."

"பெண்ணா? நரின்னு சொன்னீங்களே! என் நிலத்துல நிக்கற காட்டு மிருகத்தைப் பத்தித் தனியா வாதாடணும்மா. அதுக்குள்ள அவசரப்பட்டா எப்படி?"

பின்னால் நிழல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள், பரிவட்டத்தோடு.

"நரி இன்றி இவ்வேட்டை எங்ஙனம் நிறைவுறும்? மணி அடிக்குமுன் அதனைக் கொணர்க. அதன் பின்னரே உம் பணி குறித்துச் சொல்வேன்."

அப்பா முழம் போடும் கை கண்ணில் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். நரி மாமரக் கிளையில் உட்கார்ந்து மாவடு கடித்துக்கொண்டிருந்தது.

"கண்ணு, இறங்கி வாடி. உனக்கு நான் தனியா சுண்டல் வாங்கித் தரேன்."

"வாணாம். மாங்கா கீது."

"டீச்சர் சொல்றேன், வா."

"நான் வர மாட்டேன். நீங்க என்னியப் புடிக்கவும் கூடாது டீச்சர். இது ஏப்ரல் மாசம். நவம்பர்ல தொடங்கி மார்ச்சோட வேட்டை சீசன் முடிஞ்சிபோச்சு. இப்ப நரிங்க குட்டி போட்டு வளத்துக்கினு கீதுங்க. இப்பத் தொரத்தறவன் மனுசனே இல்ல."

பாடத்தின் கடைசிப் பத்தி அது. நேரமாகிவிட்டதால், வீட்டில் படித்துக்கொண்டு வாருங்கள் என்று விட்டிருந்தேன். அப்படிச் சொன்னால் யாரும் படிப்பதில்லை என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

வக்கீல் கைதட்டினார். "பாயிண்ட்! அருமையான பாயிண்ட்!"

இன்ஸ்பெக்டர் அம்மாள் மதிலருகே வந்து நிமிர்ந்து பார்த்தார். "நரியே, இதனை உனக்கு உரைத்தவர் யார்?"

"எங்க டீச்சர் குடுத்த பாடத்துலதான் கீது, கடைசீல. நீங்க படிக்கலியா?"

தலைமையாசிரியை மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மாளின் தோள் குலுங்கியது. பிறகு தொப்பி குலுங்கியது. பரிவட்டம் நழுவிக் கண்ணை மறைத்தது. அவர் அதை எடுக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார். பைரவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வேலிக்கதவைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும், கோட்டின் நிறத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். "நரியை என்ன செய்வீர்கள்?" என்று கடைசியாகக் கேட்டபோது தலைவி முன்னால் வந்தாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டோம். சேவிச்சுட்டு, சுண்டல் குடுத்து அனுப்பிடுவோம்."

கொடுத்தார்கள். வக்கீல் தாமே வாசல் கதவைத் திறந்துவிட, நரி குடைக்கடியில் மெதுவாக நடந்து வந்தது. கதவை மூடிவிட்டு வர ஒரு பைரவர் மறக்கவில்லை.

போகும்போது இன்ஸ்பெக்டர் அம்மாள் என் கையைப் பிடித்து, இந்த முறை இங்கிலீஷில் சொன்னார்: வேட்டை படுமோசம், பாடம் மிக நன்று, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வந்து சேர்.

வீட்டுக்குப் போனதும் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன், தற்காலிகம் என்ற சொல் உட்பட. அப்பா அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"நரி மாட்டிச்சா?" என்றார்.

"இல்லப்பா."

"மாட்டாமலே வேலைய நெரந்தரம் பண்ணிட்டாங்களா?"

"ஆமாம்."

அம்மா பூவை நாரில் இழுத்தபடி யோசித்தாள். "புடிக்காததுக்கே இம்மாம் மரியாதன்னா, புடிச்சிருந்தா இன்னா குடுத்திருப்பாங்க?"

"எட்மிஸ்டிரஸ் ஆக்கியிருப்பாங்க" என்றார் அப்பா.

நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.