நான் திருத்தாமல் விட்ட சொல்

அறுபதுகளின் நடுவிலிருந்து புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். வீடு பண்டசோழநல்லூரில். கரும்பு வயல்களுக்கு நடுவே தினமும் சைக்கிளில் போய் வருவேன். அந்தப் பள்ளியில் ஆங்கிலம் என்றால் நான்தான். அதில் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அதுதான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது.

எங்கள் தலைமையாசிரியர் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிரெஞ்சில் படித்து வேலைக்கு வந்தவர். ஆட்சி மாறி அலுவலகக் கடிதங்களெல்லாம் ஆங்கிலமானபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார், சொந்தமாக நாலு வரி எழுத வராது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு இன்னா பதில்னு பாருய்யா" என்று என் பக்கம் தள்ளுவார். நான் எழுதுவேன், அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். பத்து வருஷம் அப்படித்தான் நடந்தது.

பிறகு, எழுபதுகளின் நடுவில், ஒரு டீச்சர் வந்தார். வில்லியனூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், நகரத்துக் கான்வென்டில் படித்தவர், இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்காது. ஆறாம் ஏழாம் வகுப்பு ஆங்கிலம் அவருக்குப் போனது, எட்டாம் வகுப்பு என்னிடம் இருந்தது. முதல் மாதத்திலேயே என்னிடம் டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் பாடம் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "சார், அது வெஜிடேபிள் இல்லியாம். வெஜ்டபிளாம். டீச்சர் சொன்னாங்க" என்றான். அவனை உட்காரச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளில் வரும்போது யாரும் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் சொன்னதுதான் சரியென்று என் காதுக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாமே என் கண்ணில் பட்டது. இடைவேளையில் பிள்ளைகள் டீச்சரைச் சுற்றி நிற்பது, கரும்பு போட்டிருந்த ஒரு பெரிய விவசாயி தன் மகனுக்கு விண்ணப்பம் எழுத என்னைத் தாண்டி அவரிடம் போனது, தலைமையாசிரியர் ஒரு கடிதத்தை இரண்டாவது முறையாக அவரிடமும் காட்டியது. சோறு இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று வீட்டில் சொன்னேன். மோரில் பெருங்காயம் போட்டுக் கொடுத்துவிட்டு என் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "அந்த டீச்சரு வந்ததுலேர்ந்துதான் உங்களுக்கு வயிறு எரியுது. இதுக்கு மோரு கேக்காது."

அந்த வருஷம் தலைமையாசிரியர் ஓய்வு பெற இருந்தார். யார் ஓய்வு பெற்றாலும் விழா வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து மடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். அதற்கு முந்தைய மூன்று மடல்களும் நான் எழுதியவை. இவருக்கு எழுத வேண்டியதை நான் ஒரு வருஷமாகவே ஒரு நோட்டில் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இந்த வாட்டி அந்தப் பொண்ணு எழுதட்டும்யா. நீயும் எத்தினி பேருக்குத்தான் எழுதுவ. மூணு பேருக்கும் ஒரே மாரிதான் இருந்திச்சு. எனக்குப் புதுசா ஒண்ணு இருக்கட்டும்."

அவர் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் "நல்லது சார்" என்றேன். நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து டீச்சர் கோடு போட்ட இரண்டு தாள்களோடு என் மேசைக்கு வந்தார்.

"ஒரு தடவை பாத்துக் குடுங்க சார். வயசானவங்களைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதறதுதான் கஷ்டமா இருக்கு. ஓல்டுன்னு போட்டா மரியாதையா இல்ல. ஏஜ்டுன்னா நடக்க முடியாதவர் மாதிரி இருக்கு. எல்டர்லின்னா, அவருக்கு அவ்வளோ வயசா ஆயிடுச்சு? சீனியர்னா நம்ம எல்லாரும்தான் யாருக்காவது சீனியர்."

"அப்போ என்ன போட்டிருக்கீங்க?"

"அவரோட ரிட்டயர்மென்ட் ஆர்டர்ல சூப்பரானுவேஷன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு சார். கம்பீரமா இருக்கேன்னு அதுலேர்ந்து எடுத்துப் போட்டிருக்கேன்."

தாளைப் பார்த்தேன். நான் எழுதியவற்றைவிட நன்றாக இருந்தது. பிரெஞ்சில் படித்த ஒரு மனிதர் நாற்பது வயதுக்கு மேல் புது மொழியின் முன்னால் மாணவனைப்போல உட்கார்ந்ததைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பத்து வருஷம் அவர் பக்கத்தில் இருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அதைப் படித்தபோதுதான் வயிறு நிஜமாகவே எரிந்தது.

கடைசிப் பத்தியில் "எங்கள் அன்புக்குரிய சூப்பரானுவேட்டட் தலைமையாசிரியர்" என்று இருந்தது. அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். முதல் மடல் எழுதியபோது நானும் அதைப் போட நினைத்து, எதற்கும் பார்ப்போமே என்று அகராதியைப் புரட்டியிருந்தேன். அலுவலக உத்தரவில் வயது நிரம்பி ஓய்வு பெறுவதற்கு அந்தச் சொல் சரி. மனிதரின் பெயருக்கு முன்னால் அடைமொழியாகப் போட்டால், காலாவதியானவர், இனி எதற்கும் உதவாதவர் என்று ஆகிவிடும். அங்கே பொருந்தும் சொல் வெனரபிள். வணங்கத் தக்க முதியவர் என்று பொருள். அது என் நாக்கில் வந்து நின்றது.

கையில் பென்சில் இருந்தது. "அன்புக்குரிய" என்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே ஒரு கமா போட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா இருக்கு டீச்சர்."

"நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குப் பயமில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பள்ளி மைதானத்தில் பந்தல். நகரத்திலிருந்து கல்வித்துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மேடையில் தலைமையாசிரியருக்கு இடதுபக்கம் அவர், வலதுபக்கம் நான். டீச்சர் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் வந்து, நடுங்காத குரலில் வாசித்தார். பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் கேட்டார்கள். கடைசிப் பத்தியில் அந்தச் சொல் வந்ததும் அதிகாரி கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய்ச் சிரித்தார். தலைமையாசிரியர் அதைக் கவனித்துவிட்டார். என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"அந்தப் பொண்ணு இன்னாய்யா சொல்லிச்சு? எதுக்கு அவரு சிரிக்கறாரு?"

வயது நிரம்பி ஓய்வு பெறுபவர் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. அவர் தலையாட்டிவிட்டு நேராக உட்கார்ந்திருப்பார், விஷயம் அதோடு போயிருக்கும். நான் சொன்னது வேறு.

"காலம் முடிஞ்சு, இனிமே பிரயோஜனம் இல்லாததுக்குச் சொல்ற வார்த்தை சார். பாவம், தெரியாம போட்டுடுச்சு."

அந்தப் "பாவம்" எப்படி என் வாயில் வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தபோது இரண்டு நிமிஷம்தான் பேசினார். எல்லோருக்கும் நன்றி சொன்னார், மடலை எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாலைகளையும் சால்வையையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கண்ணாடிச் சட்டம் போட்ட மடல் ஆசிரியர் அறை மேசையிலேயே கிடந்தது. அதை முதலில் பார்த்தவன் நான். பார்த்ததும் ஒரு கணம் மனசுக்குள் குளிர்ந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

டீச்சரும் பார்த்தார். மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சட்டத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டார், அர்த்தம் சொன்னது யார் என்பதையும் சேர்த்து.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தபோது டீச்சர் வந்தார். பழைய கையெழுத்துத் தாளை என் முன்னால் வைத்தார்.

"இந்தக் கமா உங்க பென்சில்தானே சார்?"

"ஆமாம்."

"இது வரைக்கும் வந்திருக்கீங்க. பக்கத்து வார்த்தையைப் பாக்கலையா?"

"அவசரத்துல பாத்தேன் டீச்சர். கவனிக்கலை."

"மேடையில அவர் கேட்டப்போ மட்டும் அர்த்தம் உடனே ஞாபகம் வந்துடுச்சு."

நான் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டீச்சர் வகுப்புக்குப் போனார். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அந்த வருஷம் முடியும்வரை காலையில் ஒரு வணக்கம், அவ்வளவுதான். கோடை விடுமுறையில் மாற்றல் கேட்டு வாங்கி அபிஷேகப்பாக்கம் பக்கம் போய்விட்டார்.

பள்ளியில் ஆங்கிலம் மறுபடியும் என் கைக்கு வந்தது. ஆனால் புதிதாக வந்த தலைமையாசிரியர் ஆங்கிலம் நன்றாக அறிந்தவர். கடிதங்களைத் தானே எழுதிக்கொண்டார். ஒருநாள்கூட என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் பழைய தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். கூடத்துச் சுவரில் அந்தச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே தாள் புதிது, கையெழுத்து டீச்சருடையது.

"அந்தப் பொண்ணு மறுபடி எழுதிக்கினு வந்து குடுத்திச்சுய்யா" என்றார். "நம்ம பிரெஞ்சுலயும் இந்தத் தொல்லை உண்டு. ஒரே வார்த்தைய முன்னால போட்டா ஒரு அர்த்தம், பின்னால போட்டா வேற அர்த்தம். அதுகிட்ட சொன்னேன், எனக்குக் கோவம் இல்ல, சின்னப் பொண்ணு தெரியாம எழுதிட்டன்னு. இப்ப வேற வார்த்தை போட்டிருக்குது. கும்பிடத் தக்கவர்னு அர்த்தமாம். சரியான்னு நீ பாரு."

கிட்டே போய்ப் பார்த்தேன். வெனரபிள். நான் கொடுக்காமல் வைத்துக்கொண்ட சொல்லை டீச்சர் தானாகவே தேடிப் பிடித்திருந்தார்.

"சரியா இருக்கு சார்" என்றேன். அவர் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டு முடித்துக் கிளம்பினேன்.

அதன் பிறகு டீச்சரை நான் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், வில்லியனூரில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில். மாதிரி வகுப்பு எடுக்க அவரைத்தான் அழைத்திருந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பி, முதுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எழுத ஆரம்பித்தார். ஓல்டில் தொடங்கி எல்டர்லி, ஏஜ்ட், சீனியர், வெட்டரன் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்தே உதாரணம் சொன்னார். கிழவன் என்பதற்கும் பெரியவர் என்பதற்கும் நடுவே நாம் எவ்வளவு தூரம் வைத்திருக்கிறோமோ, ஆங்கிலேயர்களும் அவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு அந்தச் சொல்லையும் எழுதினார்.

"இதை நான் ஒரு நல்ல மனுஷருக்குத் தப்பா எழுதிட்டேன். அவர் மனசு நோகிற மாதிரி ஆயிடுச்சு. எந்த வார்த்தையையும் அகராதியில பாக்காம மனுஷங்க மேல போடாதீங்க."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். என்னைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

தேநீர் இடைவேளையில் கிட்டே போனேன். "அன்னைக்கு நான் பாத்துட்டுத்தான் விட்டேன் டீச்சர். கவனிக்காம இல்ல" என்றேன்.

"தெரியும் சார். அப்பவே தெரியும்."

"யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த ஸ்கூலுக்கு வந்தப்போ உங்ககிட்ட நிறைய கத்துக்கலாம்னு ஆசையா வந்தேன் சார். அது போச்சேன்னுதான் இருந்துச்சு. சொல்லி என்ன ஆகப்போகுது." பிறகு என் மனைவி பிள்ளைகளை விசாரித்தார். மணி அடித்ததும் உள்ளே போனார்.

மன்னித்தாரா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் சைக்கிளில் வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது அந்தப் பாடம்தான். ஏறக்குறைய இருபது வருஷம் ஆங்கிலம் நடத்திய எனக்கு அப்படி ஒரு வகுப்பு எடுக்கத் தோன்றவில்லையே என்று பொருமிக்கொண்டே மிதித்தேன். அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் அதே சொற்களை அதே வரிசையில் கரும்பலகையில் எழுதி, அதே உதாரணங்களைச் சொன்னேன். பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள். அது யாருடைய பாடம் என்று நான் சொல்லவில்லை.