கிராணி மேசையில் கிடந்த என் கடிதம்

இன்று காலை சிலிபின் வட்டார மளிகைக் கடையில் மல்லிகாவைப் பார்த்தேன். நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகள். பள்ளியில் எனக்குப் பக்கத்து இருக்கை.

எண்பதுகளில் இருவரும் விடுமுறை அறிவியல் ஆய்வு முகாமுக்கு விண்ணப்பித்தோம். நாடு முழுக்கத் தேடி ஒரு சிலரைத்தான் எடுப்பார்கள்.

தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் கிராணி கைக்குத்தான் போகும். அவளுக்குத் தேர்வான கடிதம் வந்தது, எனக்கு வரவில்லை. அழுத என்னைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வருஷம் கெடைக்கும் லா" என்று தேற்றியதும் மல்லிகாதான்.

இன்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொல்கிறாள்:

"உனக்கும் கடிதம் வந்துச்சுடி. அப்பா மேசைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாரு. பால்மரம் வெட்டுறவன் பிள்ளையும் என் பிள்ளையும் ஒன்னான்னு கேட்டாரு."

"உனக்குத் தெரியுமா அப்பவே?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"நீ வந்தா நீதானே அங்கயும் முதல்ல வருவ? பழைய கதை லா, விடு."

கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால், மல்லிகாவிடமிருந்து நட்பு அழைப்பு!

ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் கடிதம் கிடந்த அத்தனை வருஷம் இதுவும் கிடக்கட்டும்.

பாவம், ஏற்றுக்கொள் என்பவர்கள் கீழே கருத்துப் பகுதியில் வந்து காரணம் சொல்லுங்கள். எல்லோருடைய கடிதத்தையும் நான் படிப்பேன்.