முடிவு வரை சொன்ன கதை

அவருக்கு அடைமழை என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சக லாரி டிரைவர்கள். வாயைத் திறந்தால் விடாமல் பொழிவார். மலைமேல் ஊற்றில் தண்ணீர் பிடித்து, கீழே உள்ள தங்கும் விடுதிகளில் இறக்குவது அவர் பிழைப்பு. குழாயை டேங்கில் சொருகிவிட்டு, லாரி நிழலில் உட்கார்ந்து ஒரு கதையை எடுத்துவிடுவார். வரிசையில் நிற்கும் டிரைவர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆனால் எந்தக் கதைக்கும் முடிவு கேட்டவர் கிடையாது. கள்ளன் அரண்மனைச் சுவரில் பாதி ஏறியிருப்பான், அந்த நேரம் பார்த்து டேங்க் நிரம்பி வழியும். "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிடுவார். மறுநாள் வேறு கதை! அதனால் அந்த மலைப்பாதையில் தண்ணீருக்கே கதைதான் கணக்கு. லாரி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "அரைக்கதை" என்பார்கள்.

அதெல்லாம் ஒரு காலம். கோடையிலும் உச்சிப்பாறையில் பனி கிடக்கும். அது உருகி மண்ணுக்குள் இறங்கி ஊற்றாக வரும். கை வைத்தால் விரல் மரத்துப்போகும். வழிந்த மிச்சம் ஓடையாகி, சற்றுக் கீழே ஒரு சலவைக்காரியின் தொட்டிகளை நிரப்பும். அவளிடம் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் அவர் பேச்சுக் கொடுத்தார். ஊற்றிலேயே நாள் முழுக்க நிற்கிற ஆளுக்குத் தாகமாம்! அவள் சிரித்த சிரிப்பில் கல்யாணமே முடிந்துபோனது. அந்த ஓடைச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு ஏங்கும்.

விடுதிகள் பெருகின, லாரிகளும் பெருகின. பனிதான் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. இந்த வருஷம் உச்சிப்பாறை வெறும் பாறையாகவே நின்றது.

அன்றும் குழாயைச் சொருகிவிட்டுக் கதையைத் தொடங்கினார். கள்ளன் சுவர் ஏறினான், குதித்தான், பிடிபட்டான், ராஜாவிடம் மன்னிப்பும் வாங்கிவிட்டான். கதை முடிந்தது. ஒரு டிரைவர் எழுந்து டேங்கைத் தட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி.

அதற்குள் மனைவி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். கையெல்லாம் சோப்பு காய்ந்திருந்தது.

"தொட்டியில பொட்டுத் தண்ணி இல்ல. ஊறப்போட்ட துணி நுரையோட கெடக்கு. எல்லாத்தையும் நீங்களே உறிஞ்சிட்டா நான் எதுல அலசுறது?"

அவருக்குச் சுருக்கென்றது. குழாயை டேங்கிலிருந்து உருவி ஓடைப் பக்கம் போட்டார். தண்ணீர் நூலாகக் கீழே இறங்கியது.

"இனிமே லாரி வராதுன்னு விடுதியில சொல்லிடுறேன். உன் தொட்டி ரொம்பட்டும்."

அவள் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி இல்லாத விடுதியில யாருங்க வந்து தங்குவா?"

"யாரும் தங்க மாட்டாங்க."

"அப்போ நான் யாரு படுக்கை விரிப்பத் தொவைக்கிறது?"

அவள் குனிந்து குழாயை எடுத்தாள். தன் கையாலேயே அதை மறுபடி டேங்கில் சொருகினாள்.

"அலசுறதுக்கு மட்டும் ரெண்டு குடம் இறக்கிட்டுப் போங்க" என்றாள்.