மாரிகுப்பம் ரயிலும் நாற்பது மில்லி கவரும்

காங்கிரீட் வண்டி வர வேண்டிய காலையில், நான் வார்த்த கவர் பிளாக் ஒன்று என் விரலிலேயே உதிர்ந்தது.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், பாலகாட் பக்கம் மூன்று மாடி ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. கவர் பிளாக் என்பது சின்ன சிமெண்டுக் கட்டி. தூண் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கட்டுவார்கள். அந்த இடைவெளியில் காங்கிரீட் நிறைந்து கம்பியை மூடும். தூணுக்கு அந்த இடைவெளி நாற்பது மில்லிமீட்டர்.

"எதுக்கு மேடம் நாப்பது?" என்று முதல் நாள் கேட்டவர் மேஸ்திரி மாணிக்கம் அண்ணன். நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

"தீப்பிடிச்சா கம்பி சூடாகித் தளர்ந்துடும். ரூல்படி இந்தத் தூண் ரெண்டு மணி நேரம் நிக்கணும்" என்றார் இன்ஜினியர் மேடம். "மாரிகுப்பத்துல ரயில் ஏறி பெங்களூர் போற நேரம். அதுக்குள்ள பேஷன்ட் எல்லாரையும் இறக்கிடலாம்."

அன்றிலிருந்து பிளாக் வார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு ரயில் ஓடும். நெருப்பு தூணுக்குள் மில்லி மில்லியாக நடந்து வரும். ரயில்தான் முந்தும்.

மணல் தீர்ந்த ஒரு நாள், யாரையும் கேட்காமல் சயனைட் மேட்டு மண்ணைச் சலித்துக் கலந்தேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய பொடி அது. எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் தரை பூச அதைத்தான் அள்ளுவோம். மாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. பிளாக்குகள் வழவழவென்று வந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விரலில் உதிர்ந்தது மீந்த ஒன்று; மற்றவை கீழ்த்தளத் தூண்களின் பலகைக்குள், கம்பியில் கட்டியிருந்தன. பனியில் மேடு மிதப்பதுபோலத் தெரிந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனாலும் மாணிக்கம் அண்ணனிடம் போனேன்.

"அண்ணா... பிளாக்கு மேட்டு மண்ணுல வார்த்தேன். உதிருது."

"இன்னாம்மா ஸ்டெல்லா, மாசக்கணக்கா வாயே தொறக்கல, வண்டி வர்ற நேரத்துலதான் தொறப்பியா? பலகை இறுக்கியாச்சு. ஊத்திட்டா யாருக்குத் தெரியப்போவுது? போய் டீ குடி."

நான் போகவில்லை. மேடத்தின் முன்னால் உள்ளங்கைப் பொடியை நீட்டினேன். அவர் பலகைக்குள் டார்ச் அடித்து ஸ்கேல் விட்டார்.

"பிளாக் உடைஞ்சு கம்பி பலகைப் பக்கம் சாஞ்சிருக்கு. பன்னெண்டு மில்லிதான் இருக்கு. நான் சொன்ன ரயில் பக்கத்துல இருக்கிற பங்காருபேட்டையக்கூடத் தாண்டாது, அதுக்குள்ள தூண் போயிடும். யார் வார்த்தது?"

"நான்தான் மேடம்."

அவர் போன் செய்து வண்டியை நிறுத்தினார். என்னை அனுப்பவில்லை. "நீங்களே திரும்ப வார்த்துக் கொடுங்க" என்றார். பலகை பிரித்து, நல்ல மணலில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கட்டி முடிக்கப் பத்து நாள் ஆனது. தினமும் மாணிக்கம் அண்ணன், "ரயிலு எங்கம்மா நிக்குது?" என்று கேட்டுச் சிரித்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பலகை மூடும் முன்பே பேசிவிடுங்கள். நான் மூடிய பிறகுதான் பேசினேன்.

இப்போது சர்க்கரை மாத்திரைக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வரிசையில் நிற்கும்போது தூணில் சாய்ந்து கண்ணை மூடுவேன். பங்காருபேட்டை தாண்டும். என் டோக்கனைக் கூப்பிடுவதற்குள் பெங்களூர் வந்துவிடும்.